வழிபாட்டு இசையும் பறை ஒலியும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் வெளிவரும் மலரில், ஆலய வழிபாட்டையும் இசையையும் பற்றிய கட்டுரைக்கு என்ன இடம் என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். பள்ளி, வேலை, நிலம், உரிமை ஆகியவற்றைப் பற்றி எழுதுதற்கு எவ்வளவோ இருக்கின்றன. பூசையில் எந்த மொழியில் பாடுவது, எந்தக் கருவியை இசைப்பது என்பன குருக்களும் ஆயர்களும் தீர்த்துக்கொள்ள வேண்டிய செய்திகள் அல்லவா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

ஆயினும், வரலாற்றை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் உண்மை புலப்படும். ஒரு சமுதாயம் தான் மிகத் தூயது எனக் கருதும் இடத்தில் எந்த ஒலியை அனுமதிக்கிறது, எந்த ஒலியை வாயிலுக்கு வெளியே நிறுத்துகிறது என்பதைக் கொண்டே, அது யாரை மதிக்கிறது, யாரை ஒதுக்குகிறது என்பதை அறிந்துகொள்ளலாம். தமிழகக் கத்தோலிக்கருள் பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட மக்கள் என்பது யாவரும் அறிந்ததே. அவ்வாறிருக்க, "பழைய வழிபாடா, புதிய வழிபாடா?" என்று உலகெங்கும் அறுபது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு நம்மைத் தொடாத வழக்காகாது. அவ்வழக்கில் இரு தரப்பாரும் கேட்க மறந்த வினா ஒன்று உண்டு. எந்த ஒலி தூயது என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருடையது என்பதே அவ்வினா. அதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலத்தீனும் ஒரு காலத்தில் மக்கள் மொழியே

இலத்தீனே திருச்சபையின் தொன்மொழி. அதனை விடுவது மரபைச் சிதைப்பதாகும் என்பது பழைமை விரும்புவோர் கூற்று. இயேசு பெருமான் பேசியதோ அரமேய மொழி. உரோமை நகரத்து முதற் கிறித்தவர்கள் வழிபட்டது கிரேக்க மொழியில். அந்நகர மக்களிடையே கிரேக்கம் அறிந்தோர் அருகி, இலத்தீனே எங்கும் வழங்கத் தொடங்கிய பின்னர், நான்காம் நூற்றாண்டில் வழிபாடும் இலத்தீனுக்கு மாறிற்று. மக்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகவே அன்று இலத்தீன் ஆலயத்துள் நுழைந்தது. இலத்தீன் பூசையின் நடுவே "கீரியே" என்னும் கிரேக்க மன்றாட்டு எஞ்சி நின்றது, அப்பழைய மாற்றத்திற்கு ஒரு சான்றாகும்.

இசைக்கருவிகளின் வரலாறும் இத்தகையதே. இன்று ஆலய இசையின் அடையாளமாகவே எண்ணப்படும் ஆர்கன், உரோமைப் பேரரசின் களியாட்ட அரங்குகளில் முழங்கிய கருவி. தொடக்ககாலத் திருச்சபைத் தந்தையர் இசைக்கருவிகளை ஐயத்துடனே நோக்கினர். 757-ஆம் ஆண்டில் பைசாந்தியப் பேரரசர் ஐந்தாம் கான்ஸ்டண்டைன், பிராங்கு மன்னர் பெப்பினுக்கு ஆர்கன் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். அரசவைப் பொருளாக மேலை ஐரோப்பாவுக்கு வந்த அக்கருவி, பின்வந்த நூற்றாண்டுகளில் மடங்களிலும் பேராலயங்களிலும் இடம்பெற்றது. நம் சிற்றூர்க் கோவில்களில் பழைமையின் சின்னம் போல் வீற்றிருக்கும் ஆர்மோனியமோ 1842-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் உரிமைப் பதிவு பெற்ற கருவி. அரங்கத்துக் கருவி ஆலயக் கருவியாகலாம். அயல் மொழி திருமொழியாகலாம். எந்த ஒலியும் பிறப்பிலேயே தூயதாகவோ தூய்மையற்றதாகவோ இருப்பதில்லை என்பதற்குத் திருச்சபையின் வரலாறே சான்று பகர்கின்றது.

தமிழகத்தில் மரபு என்பது யாது?

1542-ஆம் ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார், முதன்மையான செபங்களைத் தமிழில் பெயர்ப்பித்து மக்களை மனப்பாடம் செய்வித்தார். 1578-இல் என்றீக்கே என்றீக்கசு அடிகளாரின் "தம்பிரான் வணக்கம்" கொல்லத்தில் அச்சேறியது. ஆகவே தமிழ்க் கத்தோலிக்கரின் செபமொழி தொடக்கம் முதலே தமிழ்தான். பீடத்தின் மொழி மட்டும் இலத்தீன். குரு மக்களுக்கு முதுகு காட்டி நின்று இலத்தீனில் பூசை நிறைவேற்ற, உபதேசியாரோ கோவிற்பிள்ளையோ முன்சொல்ல, மக்கள் பரலோக மந்திரத்தையும் அருள்நிறை மந்திரத்தையும் தமிழில் ஓதினர். தவக்காலத்தில், யாக்கோமே கொன்சால்வசு அடிகளார் (1676–1742) ஈழத்தில் இயற்றிய வியாகுலப் பிரசங்கம் இராகத்தோடு வாசிக்கப்பட்டது. பெரிய வெள்ளியை ஒட்டிப் பாஸ்கு நாடகங்கள் நடைபெற்றன. எழுத்தறியாத ஏழை மக்களின் கண்ணீரும் பக்தியும் குடிகொண்டிருந்தவை இவையே. எனவே "மரபு" என்றவுடன் இலத்தீன் ஒன்றையே நினைப்பது நம் மூதாதையரின் வழிபாட்டு வாழ்வில் பாதியை மறப்பதாகும்.

பழைய முறையை விரும்பும் பெரியோர் சிலர் கூறும் வாதம் ஒன்று நம் செவிக்கு இனிமையாக இருக்கும். "இலத்தீன் ஊரில் எவருக்கும் தாய்மொழியில்லை. நிலக்கிழாருக்கும் விளங்காது, பண்ணையாளுக்கும் விளங்காது. ஆதலின் அம்மொழியின் முன் அனைவரும் சமமாக நின்றனர்" என்பது அவ்வாதம். மொழி சமமாக விளங்காதிருந்தது உண்மையே. நின்ற இடம் சமமாக இருந்ததா என்பதே கேள்வி.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார், உயர்சாதியாரை ஈர்க்கும் பொருட்டு அவர்தம் ஆசாரங்களை மேற்கொண்டார். பிற சாதியாரிடையே பணியாற்றுதற்கு 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற தனிப் பிரிவினர் அமைந்தனர். ஒரே மறை, ஒரே பூசை. ஆனால் குருக்களே இரு வகையினராயினர். உரோமையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தெ தூர்னோன், 1704-இல், நோயுற்ற பறையரின் இல்லங்களுக்குள் சென்று அருட்சாதனங்களை வழங்கக் குருக்கள் மறுக்கலாகாது என்று ஆணையிட்டார். அவ்வாணையில் மற்றொரு கூறும் உண்டு. பிற சமயக் கோவில் விழாக்களில் கிறித்தவர்கள் மேளம் கொட்டுவதும் குழல் ஊதுவதும் அதில் தடைசெய்யப்பட்டன. மேளம் கொட்டும் தொழிலுடையோர் பலர் அன்றே கிறித்தவராயிருந்தனர் என்பதை இத்தடை நமக்கு அறிவிக்கின்றது. கோவில் விழாவில் கொட்டக்கூடாது என்று தடுத்த திருச்சபை, தன் பீடத்தருகே அவர்கள் கொட்டுவதற்கு இடமளித்ததா? அளிக்கவில்லை. 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் இவ்வழக்கை முடித்துவைத்தபோதும், பறையர்க்கெனத் தனிக் குருக்களை அமர்த்தும் ஏற்பாடே தீர்வாக ஏற்கப்பட்டது.

அடுத்த ஆண்டிலேயே, அதாவது 1745-இல், புதுச்சேரியில் நிகழ்ந்ததனை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்துள்ளார். சம்பா கோவில் என வழங்கிய ஆலயத்தினுள் பறையரையும் பிற சாதிக் கிறித்தவரையும் பிரிக்கும் சுவர் ஒன்று இருந்தது. ஒடுக்கப்பட்ட மக்கள் ஒன்றுகூடிக் குருவிடம் சென்று, கிறித்தவர் அனைவரும் ஒன்றென்பது உண்மையானால் இச்சுவர் ஏன் என்று முறையிட்டனர். சுவர் இடிக்கப்பட்டது. அம்பேத்கர் பிறப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, கல்லூரி எதனையும் கண்டிராத நம் முன்னோர், மறையின் கொள்கையையே சான்றாகக் காட்டி வாதாடியுள்ளனர் என்பதை இளைஞர்கள் நெஞ்சில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தை நோக்கி இரு கிளைகளாகப் பிரிந்து செல்லும் வண்ணம் ஆலயமே கட்டப்பட்டது. வேளாளர் ஒரு கிளையிலும் நாடார் மறு கிளையிலும் அமர்ந்தனர். 1910-இல் கௌசானல் அடிகளார் தடுப்புச் சுவரை அகற்றினார். அதனை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று, சாதிப் பிரிவினைக்கு உரிமை கோரியோர் தோற்றனர். இச்சுவர்களுக்கு இருபுறமும் ஒலித்தது அதே இலத்தீன்தான். விளங்காத மொழி சாதியை மறைத்ததேயன்றி ஒழிக்கவில்லை.

சங்கம் கூடியதும் சட்டம் மாறியதும்

இருபதாம் நூற்றாண்டில் ஆலய இசை பற்றி உரோமை வெளியிட்ட முதல் பேராணை 1903-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாளன்று திருத்தந்தை பத்தாம் பயஸ் வழங்கியது. இத்தாலிய நாட்டு ஆலயங்களில் இசை நாடகப் பாணி புகுந்து, பூசை அரங்க நிகழ்ச்சிபோல் ஆகிவிட்டதே என்ற கவலையால் எழுந்த ஆணை அது. கிரகோரியன் பாடல்முறைக்கு அது முதலிடம் தந்தது. பாடற்பூசையில் தாய்மொழிப் பாடல்களை விலக்கியது. பெண்கள் ஆலயப் பாடகர் குழுவில் சேர்தலைத் தடுத்தது. பியானோவும், முரசு, தாளம் போன்ற முழக்கக் கருவிகளும் ஆலயத்தினுள் கூடா என்றது. வாத்தியக் குழுவினர் ஆலயத்துக்கு வெளியே நடைபெறும் பவனிகளில் ஆயரின் அனுமதியுடன் இசைக்கலாம் என்றும் கூறியது.

இவ்வாணை நம் மக்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதன்று. ஆயினும் தமிழகத்திற்கு வந்தபோது இங்குள்ள வழக்கத்தோடு அது மிக எளிதாகப் பொருந்திற்று. மேளம் வெளியே, பாட்டு உள்ளே என்பது உரோமையின் சட்டம். மேளம் கொட்டுவோன் வெளியே, மற்றையோர் உள்ளே என்பது ஊரின் சட்டம். இரண்டும் கைகோத்துக்கொண்டன.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கம் இந்நிலையை மாற்ற வழி திறந்தது. 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியான திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டினை நம் இளைஞர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கற்றல் வேண்டும். மக்கள் வழிபாட்டில் முழுமையாகவும் உணர்ந்தும் ஈடுபாட்டோடும் பங்குகொள்ள வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. இலத்தீனைப் பேண வேண்டும் எனக் கூறிக்கொண்டே தாய்மொழிக்கு 36-ஆம் பிரிவு இடமளித்தது. கிரகோரியன் இசைக்கு 116-ஆம் பிரிவு முதன்மை தந்தது. மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்க 119-ஆம் பிரிவு பணித்தது. ஆர்கனைப் போற்றிய 120-ஆம் பிரிவு, வழிபாட்டுக்கு ஏற்றவையான பிற கருவிகளையும் அந்தந்த நாட்டுத் திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு சேர்த்துக்கொள்ளலாம் என்றது.

இவற்றிற்கெல்லாம் மேலாக, பலரும் எடுத்துக்காட்டாது விடும் 32-ஆம் பிரிவு ஒன்று உள்ளது. திருப்பணி நிலையாலும் குருத்துவத்தாலும் வரும் வேறுபாடும், வழிபாட்டு விதிகளின்படி ஆட்சியாளர்க்குரிய மரியாதையும் நீங்கலாக, வழிபாட்டில் எத்தனி மனிதருக்கோ எவ்வகுப்பாருக்கோ தனிச் சிறப்பு அளித்தலாகாது என்பது அதன் சாரம். தமிழகத்து ஊர்த் திருவிழாக்களில் முதல் மரியாதை, தேர் வடம் தொடும் உரிமை, தேர் செல்லும் தெரு ஆகியவை பற்றி எழுந்த பூசல்கள் அனைத்திற்கும் இப்பிரிவு ஒன்றே போதிய விடையாகும். வழிபாட்டின் மொழியை மாற்றிய திருச்சபை, அதே ஏட்டின் இப்பிரிவை மட்டும் பல ஊர்களில் ஏட்டளவிலேயே வைத்துவிட்டது.

1965-க்குப் பின் தமிழ் படிப்படியாகப் பீடத்தில் ஏறிற்று. திருத்தந்தை ஆறாம் பவுல் 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் 3-ஆம் நாள் ஒப்புதல் அளித்த புதிய பூசை நூல் அவ்வாண்டு நவம்பர் 30 முதல் நடைமுறைக்கு வந்தது. 1570 முதல் வழங்கிவந்த பழைய முறை நீங்குவதைக் கண்டு பலர் வருந்தினர். பேராயர் மார்செல் லெபெவர் 1970-இல் தனிக் குருக்கள் சங்கம் நிறுவினார். 1988-இல் உரோமையின் அனுமதியின்றி நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்திச் சபைவிலக்குக்கு உள்ளானார். 2007-இல் பதினாறாம் பெனடிக்ட் பழைய பூசைக்குத் தாராளமாக இடமளித்தார். 2021-இல் பிரான்சிஸ் அதனை மீண்டும் கட்டுப்படுத்தினார். மேலை நாடுகளில் இவ்வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

தமிழ் வந்தது, எந்தத் தமிழ்?

தமிழில் பூசை வந்ததும் சொற்கள் பல மாறின. சர்வேசுரன் இறைவன் ஆனார். சேசு இயேசு ஆனார். அர்ச்சிஷ்டவர் புனிதராகவும், சம்மனசு வானதூதராகவும், இஸ்பிரீத்துசாந்து தூய ஆவியாகவும், ஞானஸ்நானம் திருமுழுக்காகவும் மாறின. பூசை திருப்பலி ஆயிற்று. தனித்தமிழ் உணர்வு நாடெங்கும் ஓங்கியிருந்த காலம் அது. இம்மாற்றம் போற்றத்தக்கதே. எனினும் தாம் மனப்பாடமாக ஓதிய மந்திரங்கள் திடீரெனப் பழையன ஆகிவிட, படிக்கத் தெரியாத பாட்டிமார் சிலர் ஆலயத்தில் வாய்மூடி நின்றதும் உண்டு. புதியதைக் கொணர்வோர் எளியோரின் நாவையும் நினைத்தல் வேண்டும்.

இதே காலத்தில் வழிபாட்டை இந்தியமயமாக்கும் முயற்சியும் எழுந்தது. 1967-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தை அமலோர்பவதாஸ் அடிகளார் நடத்தினார். 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் உரோமை ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு அம்சங்கள், தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், மெழுகுவர்த்திக்கு மாற்றாக எண்ணெய் விளக்கு, ஆரத்தி முதலியவற்றுக்கு இடமளித்தன. குளித்தலைக்கு அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950-இல் நிறுவப்பட்ட சச்சிதானந்த ஆசிரமமாகிய சாந்திவனத்தில் காவியுடையும் வடமொழி மந்திரங்களும் வழிபாட்டில் இடம்பெற்றன.

இம்முயற்சியை இரு சாரார் எதிர்த்தனர். இருவரின் காரணங்களும் வேறு வேறு என்பதை நாம் தெளிந்துணர வேண்டும். பழைமை விரும்புவோர், இது கிறித்தவத்தை இந்து சமயமாக்கும் வேலை என்றனர். தாழ்த்தப்பட்ட மக்களிடையே தோன்றிய சிந்தனையாளரோ, இந்தியப் பண்பாடு என்ற பெயரில் கொணரப்படுவது யாருடைய பண்பாடு என்று கேட்டனர். எந்த மந்திரத்தைக் கேட்பதே நமக்குக் குற்றம் எனச் சாத்திரங்கள் விதித்தனவோ, அம்மந்திரமே நம் ஆலயத்தில் இந்தியாவின் குரலாக ஒலிப்பதா? எந்தக் கருவறைக்கு அருகே செல்ல நாம் தடுக்கப்பட்டோமோ, அக்கருவறையின் சடங்கே நம் பீடத்தில் நம் பண்பாடாக அறிமுகமாவதா? இக்கேள்விகளில் பிற சமயத்தார் மீது வெறுப்பு ஏதுமில்லை. மண்ணின் பண்பாடு ஒன்றன்று, பலவென்று நினைவூட்டும் குரலே அவற்றில் ஒலிக்கின்றது.

இசையிலும் இதுவே நிகழ்ந்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) போன்றோர் கீர்த்தனை மரபை முன்னரே வளர்த்திருந்தனர். 1977-இல் திருச்சிராப்பள்ளியில் தோன்றிய கலைக்காவிரி, பரதமும் கருநாடக இசையும் கொண்டு கிறித்தவக் கருத்துகளைப் பரப்பியது. ஒலிப்பதிவு நாடாக்கள் பெருகிய காலத்தில் திரையிசைச் சாயலுடைய மெல்லிசைப் பாடல்கள் ஆலயத்தை நிறைத்தன. அவற்றைக் கேட்டு முதியோர் முகம் சுளித்தது, 1903-இல் இத்தாலிய இசை நாடகப் பாணியைக் கண்டு பத்தாம் பயஸ் வருந்தியதை ஒத்ததே. கருநாடக இசையும் மெல்லிசையும் நமக்கும் உரியவையே. அவற்றைக் கற்கவும் பாடவும் யார்க்கும் தடையில்லை. ஆனால் இலத்தீன் போய்ச் சங்கதமும் கீர்த்தனையும் வந்து, அவற்றை அடுத்துத் திரைமெட்டும் வந்த பின்னும், சேரியின் ஒலி மட்டும் வாயிலிலேயே நின்றது. பழையதும் புதியதும் இவ்வொன்றில் மட்டும் வேறுபடவில்லை.

தோல் ஒன்று, தீட்டு எங்கிருந்து வந்தது?

தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. தெய்வமும் உணவும் மரமும் பறவையும்போல, பறையின்றி ஒரு நிலத்தின் வாழ்வு நிறைவெய்தாது என்பது பண்டைத் தமிழர் கொள்கை. புறநானூற்றில் மாங்குடி கிழார், பறையனைச் சிறந்த நான்கு குடிகளுள் ஒன்றாக வைத்துப் பாடினார். மரக்கட்டை வளையத்தில் தோலைப் போர்த்தி, தீயில் காய்ச்சிச் சுதியேற்றி, அடிக்குச்சியும் சிம்புக்குச்சியும் கொண்டு முழக்கும் அக்கருவி, காலப்போக்கில் சாவுக்கும் ஊர்ச் சாற்றுதலுக்கும் உரியதாகக் குறுக்கப்பட்டது. அதனை முழக்கியோர் தீண்டத்தகாதோர் ஆக்கப்பட்டனர். அப்பெயரிலிருந்து பிறந்த "பரையா" என்ற சொல் ஐரோப்பிய மொழிகளில் ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருளில் இன்றளவும் வழங்குகின்றது.

பறையை ஆலயத்தினுள் கொணரலாகாது என்போர் கூறும் காரணங்கள் இரண்டு. அது மாட்டுத் தோலால் ஆனது. சாவுக்குரியது என்பன அவை.

முதற் காரணத்தை நோக்குவோம். மிருதங்கம் ஆலயத்தில் தடையின்றி ஒலிக்கிறது. அதில் பசு, ஆடு, எருமை ஆகிய மூவகைத் தோலும் பயன்படுகின்றன. வலந்தலைக்கும் தொப்பிக்கும் தோல் பதப்படுத்தி, எருமைத் தோலால் வார் பிடித்து, அக்கருவியை உருவாக்குவோர் யார்? இசைவாணர் டி. எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். தஞ்சையில் செபஸ்தியான் வழிவந்த குடும்பத்தார் உட்பட, மிருதங்கம் செய்வோர் பலர் தலித் கிறித்தவர். பாலக்காடு மணி ஐயரின் நாதத்திற்குப் பின்னால் பர்லாந்து என்னும் கைவினைஞரின் உழைப்பு நின்றது. மாட்டை அறுத்த இடத்திலேயே தோலைத் தேர்ந்து, மயிர் நீக்கி, காயவைத்து, காதால் கேட்டுக் கேட்டுச் சுருதி சேர்த்த கைகள் நம்மவர் கைகள். அதே தோல், அதே கை. மேடையேறியதும் அது தெய்வ வாத்தியம். சேரியில் நின்றால் தீட்டு. ஆகவே தீட்டு தோலில் இல்லை. தட்டுவோனைப் பார்க்கும் கண்ணில் இருக்கிறது.

இரண்டாவது காரணம் சாவு. கிறித்தவ வழிபாட்டின் நடுவே நிற்பதோ சிலுவை. அது உரோமையர் அடிமைகளையும் கலகக்காரரையும் கொன்ற கழுமரம். இழிவிலும் இழிவான சாவுக் கருவியை வணங்கும் ஒரு சபை, சாவு வீட்டில் ஒலித்தது என்பதற்காக ஒரு கருவியை விலக்குதல் பொருந்துமா?

1967-ஆம் ஆண்டு மார்ச்சு 5-ஆம் நாள் வெளியான வழிபாட்டு இசை பற்றிய உரோமைப் படிப்பினையின் 63-ஆம் பிரிவு, கருவிகளைத் தேர்வதில் அந்தந்த மக்களின் பண்பாட்டையும் மரபையும் கருத வேண்டும் என்கிறது. உடனேயே, பொதுக் கருத்தாலும் வழக்கத்தாலும் உலகியல் இசைக்கு மட்டுமே உரியவை எனப்படும் கருவிகளை வழிபாட்டில் முற்றும் விலக்க வேண்டும் என்றும் கூறுகிறது. முடிச்சு இங்குதான் உள்ளது. பொதுக் கருத்து என்பது யாருடைய கருத்து? ஊர்ப் பஞ்சாயத்தில் வாய்திறக்க முடியாதவனின் கருத்து அப்பொதுவில் சேர்ந்ததா? சாதிச் சமுதாயத்தில் பொதுக் கருத்து எனப்படுவது பெரும்பாலும் ஆதிக்கம் செய்வோரின் கருத்தே. சட்டம் நல்லதாயினும் அதனைப் பொருள்கொள்ளும் நாற்காலியில் நாம் இல்லாதவரை அது நமக்கெதிராகவே திரும்பும்.

ஒடுக்கப்பட்ட பிறரின் அனுபவம்

அமெரிக்கக் கறுப்பினக் கத்தோலிக்கரும் இதே வாயிலில் நின்றவர்களே. கிளாரன்ஸ் ரிவர்ஸ் அடிகளார் தம் மக்களின் ஆன்மிகப் பாடல் மரபைக் கொண்டு இயற்றிய பாடலை, 1964-இல் செயின்ட் லூயி நகரில் நடைபெற்ற ஆங்கிலத் திருப்பலியில் பாடிப் பெருவரவேற்புப் பெற்றார். 1987-இல் கறுப்பினக் கத்தோலிக்கருக்கெனத் தனிப் பாடல் நூல் வெளிவந்தது. காங்கோ நாட்டில் 1958-இலேயே "மிசா லூபா" என்னும் பூசைப் பாடல் தொகுதி ஆப்பிரிக்க இசையில் முழங்கிற்று. 1988-இல் அந்நாட்டு மக்களின் மரபையொட்டி அமைந்த பூசை முறையையே உரோமை ஏற்றது. முரசு ஆலயத்துக்கு ஆகாது என்ற 1903-ஆம் ஆண்டின் விதி அங்கெல்லாம் தளர்ந்தது. அம்மக்கள் தம் ஒலிக்காக வாதாட, கற்ற குருக்களும் பாடல் ஆசிரியர்களும் அவர்களிடையேயிருந்தே தோன்றியமை அதற்கு ஒரு முதன்மையான காரணமாகும்.

தமிழகத்தில் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த தியோபிலஸ் அப்பாவு ஐயர் (1940–2005), மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்துகொண்டு, கிராமிய இசையில் வழிபாட்டு முறை ஒன்றையே அமைத்தார். ஒரே உலையில் சமைத்து அனைவரும் பகிர்ந்துண்ணும் சமுதாயமே அவர் கண்ட இறையாட்சி. நாட்டுப்புறப் பாடலை எழுத்தறியாதவரும் கற்கலாம், தம் வாழ்வுக்கேற்ப மாற்றிப் பாடலாம் என்பது அவர் அதனைத் தேர்ந்ததற்குக் காரணம். திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவியர் வளர்த்த சக்தி கலைக் குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையிலேந்தி ஆடினர். கடந்த சில பத்தாண்டுகளில் காணிக்கைப் பவனியிலும் திருவிழாவிலும் பறை ஒலிக்கும் ஆலயங்கள் பல உண்டு. ஒலிக்கக் கூடாது என்று தடுக்கும் ஊர்களும் உண்டு.

நம்முள் இரு கருத்து

இவ்விடத்தில் நம் சமுதாயத்துக்குள்ளேயே இரு கருத்துகள் உள்ளன என்பதை மறைக்கலாகாது.

பறை நம் விலங்கு, அதனை உடைத்தெறிய வேண்டும் என்பது ஒன்று. பெரியவர் எல். இளையபெருமாள் போன்றோர், ஊருக்குச் சாவு மேளம் அடிக்கும் இழிந்த ஊழியத்தை விட்டொழிக்குமாறு மக்களைத் திரட்டினர். அண்ணல் அம்பேத்கர் மகர் மக்களிடம் செத்த மாட்டைச் சுமக்கும் தொழிலை விடுக என்று கூறியதும் இதே நோக்கத்தால்தான். அடிக்க மறுத்தமைக்காக அடியுண்ட நம் தந்தையர் எத்தனை பேர்! அவர்கள் குருதி சிந்தித் துறந்த கருவியைப் பேரன்மார் பீடத்தில் ஏற்றுவது அவர்களை அவமதிப்பதாகாதா என்று இவர்கள் கேட்கின்றனர்.

பறை நம் கலை. இழிவு அதன்மேல் பிறர் பூசிய சேறு. சேற்றைக் கழுவ வேண்டுமேயன்றிக் கருவியை எறியலாகாது என்பது மற்றொன்று.

இவ்விரண்டும் முரண்பட்டவை போல் தோன்றினும் உண்மையில் ஒரே நிலத்தில் நிற்பவை. கட்டாயத்தின்பேரில் அடிப்பது அடிமைத்தனம். விரும்பிக் கற்று, விரும்பிய இடத்தில், சமமாய் நின்று முழக்குவது கலை. மறுக்கும் உரிமையைப் போராடிப் பெற்ற பின்னரே ஏற்கும் உரிமைக்கும் பொருள் உண்டாயிற்று. ஆகவே மறுத்த தந்தையும் முழக்கும் மகனும் ஒரே போரின் இரு கட்டங்களில் நிற்கின்றனர்.

ஆயினும் எச்சரிக்கை ஒன்று தேவை. ஆண்டுக்கொருமுறை பறைக்குழுவை அழைத்து ஆயரை வரவேற்கச் செய்துவிட்டு, பாடகர் குழுவிலும் வாசகர் பட்டியலிலும் பங்குப் பேரவையிலும் நம்மவரைச் சேர்க்காத ஊர் ஒன்றில், அம்முழக்கம் வெறும் காட்சிப்பொருளே. தேர் நம் தெருவுக்கு வராமல், கல்லறையில் நம் பிணத்துக்குத் தனிமூலை ஒதுக்கப்பட்டிருக்கும்வரை, இலத்தீனாயினும் தமிழாயினும் பறையாயினும் வழிபாடு நிறைவுறாது. 1982-இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்திய ஆயர் பேரவை சாதி வேற்றுமையைக் கிறித்தவத்துக்கு முரணானதெனக் கண்டித்தது. 2016-இல் தலித் மக்கள் முன்னேற்றத்துக்கெனக் கொள்கை அறிக்கையும் வெளியிட்டது. அவ்வறிக்கைகளை ஊர்தோறும் நடைமுறையாக்கும் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

முடிவுரை

இளைஞர்களே! இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடங்கள் சில உள.

முதலாவது, ஏடுகளைக் கற்க வேண்டும். 32-ஆம் பிரிவும் 119-ஆம் பிரிவும் நமக்காக வாய்திறக்கக் காத்திருக்கின்றன. அறியாதவனுக்குச் சட்டம் துணைநிற்பதில்லை.

இரண்டாவது, இசையை முறையாகப் பயில வேண்டும். பறையின் அடிகளை இன்னும் அறிந்த பெரியோர் நம் ஊர்களில் இருக்கும்போதே அவற்றைக் கேட்டு, எழுதி, ஒலிப்பதிவு செய்து காத்தல் வேண்டும். அதனோடு சுரமும் தாளமும் மேலை நாட்டு இசைக்குறியீடும் கற்றல் வேண்டும். கிரகோரியன் பாடலையும் பாடத் தெரிந்து, கீர்த்தனையையும் பாடத் தெரிந்து, அதன் பின் பறையைத் தேர்ந்தெடுப்பவனை எவரும் அறியாதவன் என்று ஒதுக்க இயலாது.

மூன்றாவது, பாட்டிமாரின் பழைய மந்திரங்களையும் வியாகுலப் பிரசங்க இராகங்களையும் பழைமை என்று இகழாது பேண வேண்டும். பீடம் நமக்கு மூடியிருந்த காலத்தில் நம் மக்கள் கண்ணீரால் கட்டிய கோவில் அவை.

நான்காவது, பறையைப் பெண்கள் கையிலும் தர வேண்டும். பிற சாதி இளைஞர் கற்க வந்தால் அவர்களுக்கும் கற்பிக்க வேண்டும். ஒரு சாதியின் கையில் மட்டும் இருக்கும்வரை அது சாதிக் கருவியாகவே எண்ணப்படும்.

1745-இல் புதுச்சேரிச் சுவரின் முன் நின்ற நம் முன்னோரிடம் நூலும் இல்லை, பட்டமும் இல்லை. நியாயம் ஒன்றே இருந்தது, சுவர் விழுந்தது. இன்று நம்மிடம் நியாயத்தோடு கல்வியும் உண்டு. அக்கல்வியை வளர்க்கவே இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் பாடுபட்டு வருகிறது. எஞ்சியுள்ள சுவர்களுள் சில கல்லால் ஆனவை. சில ஒலியால் ஆனவை. இரண்டையும் அகற்றும் பணியில் கற்ற இளைஞர் முன்னிற்பாராக.